ரத்மலானை - பலாலி விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்? தூரத்தை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறது

பாமன்கடை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில் சுன்னாகத்தில் மச்சாளின் கல்யாணம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து கொஞ்சக் காலம்தான், இன்னும் வடிவாக மடக்க முடியாது. இரவு பஸ்ஸில் விடிய விடியக் காலை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு இருந்தால் கல்யாண நாளில் கட்டிலை விட்டு எழும்ப மாட்டா. ரயிலையும் யோசித்தேன், கோட்டை ஸ்டேஷன் படிகளை நினைத்ததும் அந்த யோசனையை விட்டேன். அதனால் ரத்மலானையில் ஏறிப் பலாலியில் இறங்குவோம் என்று இருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து ரத்மலானை காலி வீதியால் நேரே போனால் கிட்டத்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், தூரம் எவ்வளவு என்று தேடினால் ஒரு தளம் 178 என்கிறது, இன்னொன்று 205, மூன்றாவது 290. நேரமும் அப்படித்தான். 25 நிமிடம் என்று ஒன்று, 55 என்று ஒன்று, தெரிந்த ஒருவர் ஒன்றேகால் மணித்தியாலம் என்கிறார். எனக்கு இது சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி இல்லை. அதே நாள் சித்தப்பா குடும்பம் சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறார்கள், அவர்களின் டிக்கெட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. எல்லாரையும் ஒரே வானில் ஏற்றலாம் என்று மாமா சொல்கிறார், வான்காரருக்கு நேரம் சொல்ல வேண்டும். யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டி வரும்?

அப்புறம் இன்னொரு விஷயம். 98ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் விழுந்த லயன் எயார் விமானத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை. வாயால் சொல்ல மாட்டா, ஆனால் "ரயிலே நல்லதில்லையா பிள்ளை" என்று நாளுக்கு ஒரு தடவை கேட்கிறா.

ஓடுபாதை:

தங்கச்சி, அந்த மூன்று எண்ணுமே சரிதான், ஒவ்வொன்றும் வேறு கணக்கு. ரத்மலானையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர். அதையே சாதாரண மைலில் சொன்னால் 205, விமானிகளும் கப்பற்காரரும் பாவிக்கும் கடல் மைலில் சொன்னால் 178. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், பெருக்கிப் பாருங்கள். 290 என்று சொன்ன தளத்தில் நீங்கள் "கொழும்பு" என்று மட்டும் அடித்திருப்பீர்கள், அது தானாகவே கட்டுநாயக்கவை எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டுநாயக்கவிலிருந்து பலாலி 290 கிலோமீற்றர்தான். ரத்மலானைக்கு ஆர்எம்எல், பலாலிக்கு ஜேஏஎஃப் என்று குறியீட்டைப் போட்டுத் தேடினால் இந்தக் குழப்பம் வராது.

நேரத்துக்கு வருவோம். இந்தத் தளங்களில் பலதும் என்ன விமானம் என்று பார்ப்பதே இல்லை. பெரிய ஜெட் ஒன்றின் வேகம், மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில், எந்த இரண்டு ஊருக்கும் அதையே போட்டு வகுக்கிறார்கள். 330ஐ 800ஆல் வகுத்தால் 25 நிமிடம், உங்கள் முதல் எண் அங்கேதான் பிறந்தது. கொஞ்சம் பொறுப்பான தளங்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று மேலே ஓர் அரை மணித்தியாலத்தைக் கூட்டும், அது 55. ஆனால் ரத்மலானையிலிருந்து பலாலிக்கு உங்களை ஜெட்டில் கொண்டுபோக யாரும் இல்லை. ரத்மலானை ஓடுபாதை இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு, இந்தப் பாதையில் வருவது காற்றாடி விமானங்கள்தான்.

அதிலும் எந்தக் காற்றாடி என்பதுதான் முக்கியம். செஸ்னா கரவான் என்ற ஒற்றை எஞ்சின் விமானம், பத்துப் பன்னிரண்டு பேர் போவது, மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் போகும். 330 கிலோமீற்றருக்கு ஆகாயத்தில் மட்டும் ஒரு மணித்தியாலமும் ஐந்தாறு நிமிடமும். எஞ்சினைப் போட்டு ஓடுபாதை முனைக்கு உருண்டு போவது, அனுமதிக்குக் காத்து நிற்பது, இறங்கியபின் தரிப்பிடத்துக்கு வருவது எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது இது. எழுபது பேர் போகும் ஏடிஆர் 72 வந்தால் அது மணிக்கு 500 அளவில் போகும், 40 நிமிடம் ஆகாயத்தில், மற்றதெல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே டிக்கெட் போடும்போது விலையைக் கேட்க முன்னர் விமானம் என்ன வகை என்று கேளுங்கள்.

காற்றும் பேசும். ஆவணி என்றால் சோளகம் நல்லாக வீசும் காலம், நீங்கள் போவது கிட்டத்தட்ட நேர் வடக்கு, தென்மேற்குக் காற்று பின்பக்கத்தால் தள்ளிவிடும். மணிக்கு 30 கிலோமீற்றர் உதவி கிடைத்தாலே கரவானில் அந்த 66 நிமிடம் 60 ஆகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்துக்கு நேரே, 66 இருந்தது 73 ஆகும். மார்கழி தையில் வாடைக் காற்றில் இது அப்படியே தலைகீழ். பெரிய விமானத்தில் இந்த ஐந்து பத்து நிமிடத்தை யாரும் கவனிப்பதில்லை, மெதுவான விமானத்தில்தான் காற்று மணிக்கூட்டில் தெரியும்.

இன்னொன்று, அந்த 330 நேர்கோடு. வரைபடத்தில் ரத்மலானையையும் பலாலியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், கோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிட்டத்தட்ட மேலேயே போகும். உலகம் முழுவதிலும் இருந்து வருகிறவை இறங்கும் இடத்துக்கு மேலால் சின்ன விமானம் நினைத்தபடி போக முடியாது. கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தில், சொல்லும் பக்கத்தால்தான் போக வேண்டும். சில நாள் கொஞ்சம் வளைத்து விடுவார்கள், சில நாள் கிளம்பவே பொறுத்திரு என்பார்கள். அதனால் பறக்கும் தூரம் 330ஐ விடக் கொஞ்சம் கூடத்தான் வரும், குறையாது.

வானுக்கு நேரம் சொல்வதைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள், நான் ஓடுபாதையோடு நிறுத்துகிறேன்.

நைட்பஸ் நேசன்:

ஒரு மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். வீட்டு வாசலில் இருந்து கல்யாண வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பாமன்கடையிலிருந்து ரத்மலானைக்கு எட்டுக் கிலோமீற்றர் இருக்கும், தெகிவளைச் சந்தியும் கல்கிசையும் காலையில் எப்படி என்று தெரியும்தானே, முக்கால் மணித்தியாலத்தை எடுத்து வையுங்கள். ஒரு மணித்தியாலம் முன்னரே வரச் சொல்வார்கள். பறப்பது ஒன்றேகால். இறங்கிப் பையை எடுத்து வெளியே வர இருபது நிமிடம், பிறகு சுன்னாகத்துக்கு வான். மொத்தம் மூன்றரையிலிருந்து நாலு.

நான் வெள்ளவத்தையில் இரவு பத்து மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறினால் விடியக் கண் விழிக்கும்போது யாழ்ப்பாணம். அந்த நேரத்தில் எனக்கு வேறு அலுவலும் இல்லை, எப்படியும் நித்திரைதானே. விமானத்தில் போனால் ஒரு பகல் பாதி போய்விடுகிறது. காசைப் பற்றி நான் பேசவே இல்லை.

அம்மாவின் கால் விஷயம் விளங்குகிறது, அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் இளம் ஆட்கள் சும்மா கெதியாகப் போகலாம் என்று நினைத்து விமானம் ஏறுவதைப் பார்க்கத்தான் சிரிப்பு வருகிறது.

பாமன்கடை மகள்:

ஓடுபாதை அண்ணா, மிக்க நன்றி. கட்டுநாயக்க விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, தளத்தைத் திறந்து பார்த்தேன், கொழும்பு என்று போட்டவுடன் சிஎம்பி என்றுதான் வருகிறது.

நேசன், நீங்கள் சொல்லும் நாலு மணித்தியாலத்தை நானும் ஏற்றுக்கொள்கிறேன். எங்களுக்கு அந்த நாலில் அம்மா ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது ஒன்றேகால்தான், மற்ற நேரம் எழும்பி நடக்கலாம், அதுதான் வித்தியாசம்.

சித்தப்பாவின் சென்னை விமானம் பற்றி யாராவது சொல்லுங்கள். சென்னை இதை விட எவ்வளவோ தூரம்தானே, எப்படி ஒன்றேகாலில் வருகிறது?

சுன்னாகச் சந்தி:

அக்கா, சென்னை நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை. பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் 355 கிலோமீற்றர் அளவு, ரத்மலானை 330. கிட்டத்தட்டப் பலாலி நடுவில் இருக்கிறது. திருச்சி இன்னும் கிட்ட, 185கூட இல்லை. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் கொழும்பை விடத் திருச்சி பாதித் தூரம், கடல்தான் நடுவில். சென்னைக்கு 2019 கார்த்திகையில் ஏடிஆர் விட்டார்கள், பலாலியை சர்வதேச விமான நிலையமாக ஒக்டோபரில் திறந்த கையோடு. கோவிட் வந்து நின்றுபோய் 2022 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. சித்தப்பாவும் அந்த மாதிரி ஏடிஆரில்தான் வருவார், 355ஐ 500ஆல் வகுத்தால் முக்கால் மணித்தியாலமும் இல்லை.

டிக்கெட்டில் ஒன்றேகால் என்று போடுவது பறக்கும் நேரம் இல்லை. சென்னையில் கதவை மூடித் தரிப்பிடத்தை விட்டு நகரும் நேரத்திலிருந்து பலாலியில் வந்து நின்று எஞ்சின் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம். சென்னை பெரிய நிலையம், ஓடுபாதைக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு என்று கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்கள். அதனால் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிடும், பயணிகள் கை தட்டாத குறை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான், கூட்டிக் கழிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் வானுக்கு முக்கியமானது இறங்கும் நேரம் இல்லை, வெளியே வரும் நேரம். நீங்களும் அம்மாவும் உள்நாட்டுப் பயணிகள், பையை எடுத்தால் வந்துவிடலாம். சித்தப்பா குடும்பம் குடிவரவு, சுங்கம் இரண்டும் முடித்து வர வேண்டும், சென்னையிலிருந்து ஏடிஆர் நிறைய ஆட்கள் ஒரேயடியாக இறங்குவார்கள், நிலையமும் சின்னது. முக்கால் மணித்தியாலத்தை அதற்கு ஒதுக்குங்கள், கல்யாணப் புடவைப் பெட்டி நிறைய இருந்தால் ஒரு மணித்தியாலம். இரண்டு விமானமும் ஒரே நேரத்துக்கு இறங்கினால் நீங்கள்தான் காத்திருப்பீர்கள். உங்களுடையது அரை மணித்தியாலம் பிந்தி இறங்கினால் சரியாக இருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி அட்டவணை கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு நல்ல செய்தி, பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்குப் போவதை விடச் சுன்னாகம் கிட்ட. நகரத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், சுன்னாகத்துக்கு அவ்வளவு வராது. வான்காரரை வெறும் "பலாலி" என்று சொல்லி வரச் சொல்லாதீர்கள், விமான நிலைய வாசல் எது என்று தெரிந்தவராகப் பாருங்கள், அந்தப் பக்கம் முழுவதும் இராணுவமும் விமானப்படையும். எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வாசலில் தேடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். உள்நாட்டு விமானத்தில் நேரம் மாறும். கடைசியாக நான் வந்தபோது முதல் நாள் பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டு, காலை விமானத்துக்கு ஆட்கள் போதவில்லை, மத்தியானம் வாருங்கள் என்றார்கள். எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன், ஆனால் அந்த மத்தியானம் எனக்குக் கச்சேரியில் ஓர் அலுவல் இருந்தது, அது போனது போனதுதான். கல்யாணம் என்றால் முதல் நாளே வந்து சேருகிற மாதிரிப் போடுங்கள், தாலி கட்டுகிற அன்று காலை விமானத்தை நம்பாதீர்கள்.

பழைய ரத்மலானை:

பிள்ளைகள் எல்லாம் எழுதி முடித்த பிறகு கிழவன் வந்து ஒரு வார்த்தை. எங்கள் வீடு ரத்மலானை ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருந்தது, கட்டுநாயக்க வருவதற்கு முன்னர் நாட்டின் பெரிய விமான நிலையமே இதுதான். எயார் சிலோன் தன் முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10ஆம் திகதி தொடங்கியது இங்கிருந்துதான், போன பாதை என்ன தெரியுமா, ரத்மலானையில் ஏறி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில் இறங்கி, பிறகு சென்னை. அப்போது மதராஸ். நீங்களும் உங்கள் சித்தப்பாவும் இரண்டு பக்கத்தால் வந்து சந்திக்கப்போகிற அதே கோடு.

அதை விட வேடிக்கை, அப்போது பறந்தது டகோட்டா, டிசி-3. இந்த ஓடுபாதைத் தம்பி கரவானுக்குச் சொல்லும் வேகமும் அதன் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. முக்கால் நூற்றாண்டு போய்விட்டது, கரவானில் ஏறினால் ரத்மலானையிலிருந்து பலாலிக்கு என் அப்பா காலத்து நேரம்தான். ரயிலும் பஸ்ஸும்கூட இதற்குள் எவ்வளவோ மாறிவிட்டன.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக எடுக்க வேண்டாம் பிள்ளை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இங்கே வர வெளிக்கிட்ட விமானம் அது, 55 பேர். இந்தப் பக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கும், யாராவது தெரிந்தவர் அதில் இருந்தார்கள், அல்லது கடைசி நேரத்தில் ஏறாமல் விட்டார்கள். அது யுத்த காலம், ஆகாயமே யுத்த களம். "இப்போது அப்படி இல்லை அம்மா" என்று ஒரே வரியில் முடிக்காமல் அவ சொல்வதைக் கேளுங்கள், பிறகு அவவே சரி என்பா. பகல் விமானமாகப் போட்டு யன்னல் பக்கம் இருக்க வையுங்கள். கரவான் தாழ்வாகத்தான் போகும், உள்ளே காற்றழுத்தம் கூட்டுகிற வசதி அதில் இல்லாதபடியால் பத்தாயிரம் அடிக்கு மேல் சாதாரணமாகப் போக மாட்டார்கள். அந்த உயரத்தில் ஊரெல்லாம் தெரியும். சிலாபத்துக்குக் கிழக்கால் தென்னந்தோட்டம், புத்தளம் களப்பு இடப்பக்கம், பிறகு வில்பத்துக் காடு, காடு முடிந்து கொஞ்சத்தில் மன்னாரின் கட்டுக்கரைக்குளம் நேர் கீழே. அதைத் தாண்டினால் கடல், பூநகரி வலப்பக்கம், யாழ்ப்பாணக் கடல்நீரேரி, தரவைகள், பனை. கொழும்பு மேகமாக இருந்தாலும் ஆவணியில் வடக்குப் பக்கம் வெளிப்பாகத்தான் இருக்கும்.

பாமன்கடை மகள்:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டுக்கரைக்குளம் என்றதும் தன் அப்பா முருங்கனில் வேலை பார்த்த கதையைத் தொடங்கிவிட்டா, இன்னும் முடியவில்லை. ரயில் பேச்சு இன்றைக்கு வரவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். கரவானில் ஏறும்போது ஆட்களையும் நிறுப்பார்கள் என்று அலுவலகத்தில் ஒருத்தி சொல்கிறாள், உண்மையா? அம்மாவுக்கு அது சரிவராது, எடையைச் சொல்ல மாட்டா. திரும்பி வரும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி கொண்டு வரலாமா?

ஓடுபாதை:

உண்மைதான், நிறுப்பார்கள் அல்லது கேட்டு எழுதுவார்கள். சின்ன விமானத்தில் யார் எங்கே இருப்பது, எவ்வளவு எரிபொருள் போடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். முன்னுக்குப் பாரம், பின்னுக்குப் பாரம் என்று சமன் பார்த்துத்தான் இருத்துவார்கள், அதனால் யன்னல் இருக்கை உறுதி என்றாலும் அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் என்று உறுதி இல்லை, முதலிலேயே சொல்லி வையுங்கள். எடையை யாரும் சத்தமாக வாசிக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

மாம்பழத்துக்கும் அதே கணக்கு. ஜெட்டில் போகிற அளவு பொதியை இதில் நினைக்காதீர்கள், மிகவும் குறைவாகத்தான் அனுமதிப்பார்கள், கூடினால் காசு கட்டலாம் என்று நினைத்துப் போனாலும் இடம் இல்லை என்று சொல்லிவிடலாம். அதோடு ஆவணி என்றால் கறுத்தக்கொழும்பான் முடிகிற காலம். கிடைத்தால் பஸ்ஸில் பொதி போட்டு விடுங்கள், வெள்ளவத்தையில் நேசனைப் போல யாராவது இறக்கித் தருவார்கள்.

உங்களுக்கு நேரத்தை விட முக்கியமானது ஒன்று, யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்கிறேன். முழங்கால் மடங்காத ஆளுக்குப் பறப்பது ஒரு பிரச்சினையே இல்லை, ஏறுவதுதான். கரவானில் பின்பக்கக் கதவு கீழே இறங்கிப் படியாகும். படிகள் ஒடுக்கம், செங்குத்து, உள்ளே போனால் நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தபடி நடந்து இருக்கைக்குப் போக வேண்டும். மடங்குகிற காலை முதலில் மேலே வைத்து ஏறச் சொல்லுங்கள், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள், பின்னுக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஏடிஆரிலும் பின்கதவுப் படிதான், ஆனால் கைபிடி இருக்கும், உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கழிவறையும் இருக்கும். கரவானில் கழிவறை இல்லை, ஏற முன்னர் போய்விட்டு வரச் சொல்லுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்தால் ரத்மலானையில் காத்திருக்கும் இடத்திலிருந்து விமானத்தடிக்குக் கொண்டுவருவார்கள், படி மட்டும் அவவின் வேலை.

மட்டுநகர்:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். ரத்மலானை - மட்டக்களப்பு எவ்வளவு? எனக்கும் இதே குழப்பம்.

ஓடுபாதை:

நேர்கோட்டில் 220 கிலோமீற்றர் அளவு, கடல் மைலில் 119. கரவானில் ஆகாயத்தில் முக்கால் மணித்தியாலம், எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஆனால் அது மலைநாட்டுக்கு மேலால் போகிற கோடு, கண்டிக்குத் தெற்கால் போய் விக்டோரியா நீர்த்தேக்கம் பக்கமாக இறங்கும். அதனால் உயரம் எடுக்க வேண்டும், பின்னேரத்தில் மலைகளுக்கு மேல் மேகம் கட்டினால் சுற்றிப் போவார்கள். காலை விமானம் இருந்தால் அதைப் பிடியுங்கள். வீதியால் 300க்கு மேல், நடுவில் மலை, ரயிலோ ஒரு நாளை விழுங்கிவிடும். யாழ்ப்பாணத்தை விட உங்களுக்குத்தான் விமானம் கூட லாபம், நேசன் வந்து சண்டை பிடித்தாலும்.

நைட்பஸ் நேசன்:

மட்டக்களப்புக்கு நான் சண்டை பிடிக்க மாட்டேன். அந்த ரயிலில் நான் போயிருக்கிறேன்.

சுன்னாகச் சந்தி:

அக்கா, ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை, அம்மா திரும்பவும் கேட்டால் சொல்ல. 2014இல் யாழ்ப்பாணம் வரையும் அடுத்த வருடம் காங்கேசன்துறை வரையும் பாதை திரும்பி வந்த பிறகு சுன்னாகத்திலும் ஸ்டேஷன் இருக்கிறது, கல்யாண வீட்டுக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம். ஆனால் எல்லா ரயிலும் அதில் நிற்காது, மேடையும் உயரக் குறைவு, பெட்டிப் படியில் இறங்குவது கரவானை விடக் கஷ்டம். திரும்பிப் போகும்போது அம்மா கொஞ்சம் தேறியிருந்தால் யோசிக்கலாம்.

எந்த நாள் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், வான்காரர் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார், வாசல் தெரிந்தவர்.

பாமன்கடை மகள்:

தம்பி, தனிமடலில் நாளைச் சொல்கிறேன். ஏடிஆர் கிடைக்கிற நாளாகப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் கரவான், சக்கர நாற்காலி சொல்லி வைத்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. சித்தப்பா முதலில் இறங்கட்டும், நாங்கள் அரை மணித்தியாலம் பிந்தி. வான்காரரிடம் நேரத்தைச் சொல்லாமல், சித்தப்பா குடிவரவு முடித்து வெளியே வந்து கூப்பிடும்போது வாருங்கள் என்று சொல்லலாமா, வீடு அவ்வளவு கிட்ட என்றால்?

சுன்னாகச் சந்தி:

தாராளமாக. ஆனால் சித்தப்பாவின் இந்தியச் சிம் இங்கே வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இறங்கியவுடன் கூப்பிடுங்கள், அதுவே சரியான நேரமாக இருக்கும்.